பார்க்க வேண்டிய இடங்கள்

1

ஒரு முழுத்தாளை மடித்து மூன்று பத்திகளாக்கிக்கொண்டேன். முதல் பத்திக்குத் தலைப்பு: பிரசித்தமானவை. இரண்டாவதற்கு: அதிகம் பேர் போகாத ஊர்கள். மூன்றாவதற்கு: கடற்கரை. சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் ஒன்பது நாட்களைக் கழிப்பதற்கான திட்டம் இது. நானும் பாரிஸிலிருக்கும் நண்பர் ஒருவரும் செப்டம்பரில் போவதாக ஏற்பாடு. எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. கிரேக்க நாடகங்களை மொழிபெயர்ப்பில் படித்தே வாழ்நாளில் பாதியைக் கழித்தவனுக்கு, அவை நடந்த கல்படிகளில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. சிரக்கூஸாவின் பாறையில் குடைந்த அரங்கில் ஈஸ்கிலஸின் நாடகம் அவர் காலத்திலேயே நடந்ததாகச் சொல்கிறார்கள். அவர் இறந்ததும் அதே தீவில், கேலா என்ற ஊரில், கி.மு. 456-ல். 1914-ல் தொடங்கி, இடையிடையே நின்றிருந்தாலும், அந்த அரங்கில் இன்றும் கோடையில் பழைய நாடகங்களை நடத்துகிறார்கள்.

முதல் பத்தி சீக்கிரம் நிரம்பிவிட்டது. சிரக்கூஸா அரங்கு. அதையொட்டிய கல்குழிகள். ஒர்த்தீஜியாவில் உள்ள தேவாலயம், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் அத்தீனாக் கோவிலையே சுவர் வைத்து அடைத்து மாதா கோவிலாக்கியிருக்கிறார்கள், பழைய தூண்கள் சுவரிலிருந்து பிதுங்கிக்கொண்டு நிற்கின்றன. பிறகு நோட்டோ நகரம். இரண்டாவது பத்திக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. சூரைமீன் பதப்படுத்திய பழைய கட்டடங்களுள்ள மர்ஸமேமி. அதற்கும் தெற்கே, தீவின் கடைசியில், போர்ட்டோபாலோ என்ற மீனவர் ஊர். வரைபடத்தில் அளந்து பார்த்தால் அது ஆப்பிரிக்காவின் தூனிஸ் நகரத்தைவிடத் தெற்கே இருக்கிறது. மூன்றாவது பத்தியில் அந்த ஊரையடுத்த கடற்கரையை எழுதினேன். கரைக்கு எதிரே பழைய கலங்கரை விளக்கத்துடன் ஒரு குட்டித் தீவு. இரண்டு கடல்கள் அங்கே சந்திக்கின்றன என்கிறார்கள். கன்யாகுமரியை அறிந்தவனுக்கு இந்த மாதிரிப் பேச்சில் ஒரு தனிச் சபலம்.

எழுதி முடித்த தாளைப் பார்த்தபோது திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

மூன்று தலைப்புகளும் இடங்களைப் பற்றியவை போலத் தோன்றுகின்றன. கொஞ்சம் அழுத்திக் கேட்டால் மூன்றும் என்னைப் பற்றியவை. முதலாவது, எல்லோரும் பார்த்ததை நானும் பார்த்தேன் என்ற சமாதானத்துக்கு. இரண்டாவது, எல்லோரும் பார்க்காததை நான் பார்த்தேன் என்ற கர்வத்துக்கு. மூன்றாவது, பார்த்துப் பார்த்து அலுத்த உடம்புக்கு. இதில் இரண்டாவதுதான் ஆபத்தானது. 'அதிகம் பேர் போகாத ஊர்' என்றால் யார் போகாத ஊர்? அங்கே பிறந்து, அங்கே வலை பழுதுபார்த்து, அங்கேயே புதைபடும் சில ஆயிரம் பேருக்கு அது நன்றாகத் தெரிந்த ஊர். எனக்குத் தெரியாததைத் தெரியாத ஊர் என்று நானே பெயரிட்டு, பிறகு அதைக் கண்டுபிடித்தவனாகவும் நானே ஆகிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற முந்நூறு பேருக்கும் இது புது வியாதி இல்லை. ஒரு கவிஞனை நூறு பேர் மட்டும் படிக்கிறார்கள் என்பதையே அவனுடைய தரத்துக்கு அத்தாட்சியாக நாம் எத்தனை முறை காட்டியிருக்கிறோம். ஜனரஞ்சகத்தை வெறுப்பது சுலபம். அந்த வெறுப்பிலேயே ஒரு ரஞ்சகம் ஒளிந்திருப்பதைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

இவ்வளவையும் திட்டத்தை எழுதியபோது யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். நண்பர் ஒரு வாக்கியம் சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

2

நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். 1984-ல் சென்னையில் சில மாதங்கள் இருந்தபோது பழக்கம். எங்கள் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்திருக்கிறார். அவர் திருத்திய பக்கங்களில் ஒற்றுப்பிழை இருக்காது. பிறகு பாரிஸுக்குப் போய், முதலில் உணவுவிடுதியில் பாத்திரம் கழுவி, அப்புறம் அச்சகமொன்றில் வேலை பார்த்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தாளின் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் இரண்டு பத்திகளைப் பற்றி நிறையப் பேசினார். தேவாலயத்துத் தூண்களைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு சொன்னார்:

"மூண்டாவதுக்கு நான் வரேல்லை."

"ஏன், உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு சுகமாத்தான் இருக்கு. அந்தக் கடலிலை நான் இறங்கமாட்டன்." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்குத் தெரியாதோ?" என்றார்.

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம்.

1996-ம் வருஷம் டிசம்பர் 25-க்கும் 26-க்கும் இடைப்பட்ட இரவில், போர்ட்டோபாலோவுக்கு எதிரே நடுக்கடலில், பெரிய கப்பல் ஒன்றிலிருந்து ஒரு சின்னப் படகுக்கு ஆட்களை மாற்றினார்கள். இலங்கைத் தமிழர்கள், இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகு அளவுக்கு மீறி நிரம்பியிருந்தது. கப்பலே படகின்மீது மோதியது. குறைந்தது 283 பேர் செத்துப்போனார்கள். தப்பிக் கப்பலில் ஏறிக்கொண்டவர்கள் கிரீஸில் இறக்கிவிடப்பட்டு, அங்கே நடந்ததைச் சொன்னார்கள். செய்தி வெளிவந்தது, ஆனால் பிணமும் இல்லை, படகும் இல்லை. எனவே அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதுபோல ஐரோப்பா தன் வேலையைப் பார்த்தது. அகதிகள் கட்டிய கதை என்று சொன்னவர்களும் உண்டு.

இவையெல்லாம் நான் பல வருஷங்களுக்கு முன்பே படித்தவை. படித்த அன்று தூக்கம் வரவில்லை என்றுகூட ஞாபகம். ஆனால் மூன்றாவது பத்தியில் அந்தக் கடற்கரையின் பெயரை எழுதியபோது இது நினைவுக்கு வரவில்லை. மறந்துபோனது என்று சொல்ல முடியாது. யாராவது கேட்டிருந்தால் தேதியோடு சொல்லியிருப்பேன். தெரிந்த ஒன்று, தேவைப்பட்ட இடத்தில் எழுந்து வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அறியாமையைவிட இது மோசமானது என்று நினைக்கிறேன். அறியாதவனுக்குத் தெரிவிக்கலாம். தெரிந்தும் அந்தத் தெரிவு தன் கையை எட்டாதபடி வாழப் பழகிக்கொண்டவனை என்ன செய்வது?

நண்பரின் ஒழுங்கையில் ஒரு பையன் இருந்தான். 1995 அக்டோபர் முடிவில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்ததே, அந்தக் கூட்டத்தில் நடந்தவர்களில் அவனும் ஒருவன். அடுத்த வருஷம் வீட்டை விற்று அவனை வெளியே அனுப்பினார்கள். எகிப்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அந்தப் படகில் அவன் இருந்தானா என்பது நண்பருக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. "இருந்தான் எண்டு தெரிஞ்சால் ஒரு திவசமாவது செய்யலாம். அந்தத் தாய் கடைசிவரை செய்யேல்லை," என்றார்.

3

போர்ட்டோபாலோ மீனவர்களுக்கு அந்த 1997 எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வலையை இழுத்தால் மீனோடு மனித உடம்பும் வருகிறது. ஒன்றல்ல, அடுத்தடுத்து. துறைக்குக் கொண்டுவந்தால் போலீஸ், விசாரணை, படகு கட்டிக்கிடக்கும் நாட்கள், போகும் வருமானம். திரும்பக் கடலிலேயே போட்டுவிட்டார்கள். நான்கு வருஷங்களாக ஊருக்கே தெரிந்திருந்தது, ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. 'அதிகம் பேர் போகாத ஊர்' என்று நான் எழுதியதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருந்திருக்கிறது.

பிறகு ஒரு மீனவரின் வலையில் ஒரு துணி வந்தது. துணிக்குள் ஓர் அடையாள அட்டை. இலங்கை அரசாங்கம் கொடுத்தது; தமிழ்ப் பையன் ஒருவனின் படம். பதினேழு வயது. அதுவரை வந்ததெல்லாம் பிணம். இது ஒரு முகமும் பெயரும். அந்த மனிதரால் அதைத் திரும்பக் கடலில் போட முடியவில்லை. தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஜோவான்னி மரியா பெல்லு என்ற பத்திரிகையாளரிடம் பேசினார். 2001 ஜூனில், நீருக்குள் இறங்கும் காமிராவை அனுப்பி, நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் படகைக் கண்டுபிடித்தார்கள். பெல்லு பின்னால் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். நோபல் பரிசு பெற்ற இத்தாலியர்கள் சிலர், மேலே எடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள். எடுக்கவில்லை. பேசிய மீனவரை ஊரில் பலர் துரோகியாகப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நமக்கு உடனே ஒரு வசதியான நிலைப்பாடு கிடைத்துவிடுகிறது. அந்த ஒருவர் மனசாட்சி, மற்றவர்கள் கல்நெஞ்சர்கள். இலக்கியத்தில் நாம் கண்டித்து வந்திருக்கும் மலிவான நாடகம் இதுதான், ஆனால் வாழ்க்கையில் இதை எவ்வளவு ஆவலோடு எழுதிக்கொள்கிறோம். அந்த மற்றவர்கள் ஏன் போட்டார்கள்? அன்றைய பிடி போய்விடும் என்பதற்காக. அது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எதற்காகப் போட்டார்கள் என்பதற்கு ஒரு பதிலாவது இருக்கிறது. நான் எதற்காகப் போட்டேன்? என் வலையிலும் அது வந்திருந்தது. பல வருஷங்களுக்கு முன் படித்த அன்றைக்கே வந்தது. ஒன்பது நாள் விடுமுறை கெடாமலிருக்க நானும் அதைத் திரும்பக் கடலில் போட்டேன். மூன்றாவது பத்தி என்பது அப்படிப் போட்ட இடத்தின் பெயர். அவர்களுக்குப் பிழைப்பு. எனக்குப் பொழுதுபோக்கு. இந்த வித்தியாசத்தில் நான் உயரவில்லை.

4

அப்படியானால் முதல் பத்தி சுத்தமானதா? அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிரக்கூஸாவின் கல்குழிகளில் இன்று எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்க்கின்றன. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். அங்கே ஒரு குகைக்கு 'தயோனீஸியஸின் காது' என்று பெயர். காரவாஜியோ என்ற ஓவியர் 1608-ல் வந்தபோது வைத்த பெயர் என்பார்கள். வருகிறவர்கள் உள்ளே நின்று கைதட்டி எதிரொலி கேட்பார்கள். கி.மு. 413-ல், படையெடுத்து வந்து தோற்ற ஏதென்ஸ்காரர்களை இந்த ஊர்க் கல்குழிகளில்தான் அடைத்தார்கள். ஏழாயிரத்துக்குக் குறையாது என்கிறார் தூஸிடிடீஸ். மேலே கூரை கிடையாது. பகலில் வெயில், இரவில் குளிர், செத்தவர்கள்மீது செத்தவர்கள். ஓர் ஆளுக்கு நாளைக்கு அரைப்படிக்கும் குறைவான தானியம், அதில் பாதியளவு தண்ணீர். யூரிபிடீஸின் வரிகளை ஒப்பிக்கத் தெரிந்த சிலர் அதனாலேயே விடுதலையானார்கள் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். கவிதை உயிரைக் காப்பாற்றியதற்கு உதாரணமாக நானே இதைக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். மனப்பாடம் இல்லாத மற்றவர்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் சொன்னதாக ஞாபகமில்லை.

நோட்டோவும் அப்படித்தான். 1693 ஜனவரி 11-ந் தேதி பூகம்பத்தில் பழைய நோட்டோ அழிந்தது. அந்தப் பிராந்தியத்தில் செத்தவர்கள் அறுபதாயிரம் பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. சில கிலோமீட்டர் தள்ளிப் புது ஊரைக் கட்டினார்கள். தேன் நிறக் கல்லில் எழுந்த அந்தப் புது ஊரைத்தான் 2002-ல் யுனெஸ்கோ சுற்றியுள்ள ஏழு ஊர்களோடு சேர்த்து உலகச் சொத்தாக அறிவித்தது. ஒரே மூச்சில் கட்டியதால் வந்த ஒருமை அதன் அழகு. ஒரே நாளில் அழிந்ததால்தான் ஒரே மூச்சில் கட்ட வேண்டி வந்தது.

ஆகவே பத்திகளைப் பிரித்தது சாவு இருக்கிறதா இல்லையா என்பது அன்று. சாவின் வயதுதான் பிரித்திருக்கிறது. 2400 வருஷமானால் அது பிரசித்தம். 300 வருஷமானால் அது அழகு. 30 வருஷமென்றால் அதைப் பற்றிப் பேசக்கூடாது, குளிக்க வந்தவர்களின் மனம் புண்படும். எத்தனை வருஷம் கழிந்தால் ஒரு சாவு காட்சியாகலாம்? செத்தவனைத் தெரிந்த கடைசி ஆள் சாகும்வரை என்று ஒரு பதில் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தாய் இறந்துவிட்டாள். நண்பருக்கு எழுபது வயது. இன்னும் கொஞ்ச காலம்தான் என்று அர்த்தமாகிறது. பதிலின் குரூரம் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

காத்திருக்காமல் உடனே காட்சியாக்கினால் என்ன என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2015 ஏப்ரல் 18-ல் லிபியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே மூழ்கிய மீன்பிடிப் படகில் 800 பேருக்கு மேல் செத்ததாக ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு கணக்கிட்டது. அந்தப் படகை 2016-ல் இத்தாலியக் கடற்படை மேலே தூக்கி, சிரக்கூஸாவுக்கு வடக்கே அகுஸ்டா துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. 2019-ல் ஒரு கலைஞர் அதை வெனிஸ் கலைக் கண்காட்சிக்கு எடுத்துப்போய், துருப்பிடித்த வெளிப்பக்கமும் கிழிந்த துவாரமுமாக அப்படியே நிறுத்திவைத்தார். பக்கத்தில் விளக்கப் பலகை இல்லை. எதிரே காப்பிக்கடை இருந்தது. ஜனங்கள் காப்பி குடித்தார்கள், முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பல பேருக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்த சிலரும் எடுத்துக்கொண்டார்கள். பெயரில்லாத இடத்தில் வைத்தால் சாவும் ஒரு பொருளாகிவிடும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டாம். 2021-ல் படகு அகுஸ்டாவுக்கே திரும்பியது.

அதே படகுக்கு இன்னொன்றும் நடந்தது. மிலானில் கிறிஸ்தினா கத்தானேயோ என்ற தடயவியல் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் உடம்புகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: யார் என்று சொல்வது. மாலி நாட்டுச் சிறுவன் ஒருவனின் மேல்சட்டைக்குள் ஏதோ கனமாகத் தைத்திருந்தது. பிரித்தால் பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை. நல்ல மதிப்பெண்கள். ஐரோப்பாவில் காட்டலாம் என்று யாரோ வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வெனிஸில் நின்ற இரும்பு எனக்குச் சொல்லாததை இந்தத் தையல் சொல்கிறது. பார்ப்பதற்கும் அடையாளம் காண்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

5

எங்கள் தலைமுறைக்கு மத்தியதரைக் கடலை அறிமுகப்படுத்தியவர் காம்யு. திப்பாஸாவின் ரோமானிய இடிபாடுகள், அதையொட்டிய கடல், வெயில், உடம்பு. என் தாளிலுள்ள முதல் பத்தியும் மூன்றாவது பத்தியும் அவரிடம் ஒன்றாகவே கிடந்தன. 'அந்நியன்' 1980-ல் தமிழில் வந்தபோது எத்தனை இரவுகள் பேசியிருப்போம். அர்த்தமின்மை, சாட்சி, நேர்மை எல்லாவற்றையும் பேசினோம். கடற்கரையில் சுடப்பட்டுச் சாகிறவனுக்கு நாவலில் பெயரே இல்லை என்பதை எங்களில் ஒருவர்கூட எழுப்பியதாக நினைவில்லை. அவன் 'அரபு' மட்டுமே. காமெல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் 2013-ல் ஒரு நாவல் எழுதி, செத்தவனின் தம்பியைப் பேசவிட்டு, அவனுக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. 1942-ல் வந்த புத்தகத்துக்கு எழுபத்தொரு வருஷம் கழித்து ஓர் அடையாள அட்டை.

ஆனால் 'அந்நியன்' என்னை இன்னொரு பக்கமும் இழுக்கிறது. தாயைப் புதைத்த மறுநாள் மெர்சோ கடலில் குளிக்கிறான். வழக்கில் அரசுத் தரப்பு வக்கீல் அதைத்தான் பெரிய குற்றமாக்குகிறார். துக்கத்தை இன்னபடிதான் காட்ட வேண்டும் என்று சட்டம் போடும் அந்த வக்கீலைப் பார்த்து அன்று சிரித்தோம். இன்று அந்தக் கடலில் குளிப்பது தவறென்று சொன்னால் நான் அவருடைய சிவப்பு அங்கியைப் போட்டுக்கொள்கிறேனா? இந்தச் சந்தேகத்தை நண்பரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் குளிக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை. ஆடி அமாவாசைக்கு கீரிமலையிலை அப்பாவுக்காகக் குளிச்சனாங்கள்தானே. செத்தவருக்காகக் குளிக்கலாம். செத்தவருக்கு மேலை குளிக்க ஏலாது. எனக்கு ஏலாது. நீங்கள் குளியுங்கோ, நான் கரையிலை இருக்கிறன்."

அவர் பிறருக்குச் சட்டம் போடவில்லை. வக்கீலுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவர் சொன்னதற்குப் பிறகு நம் மொழியில் உள்ள ஒரு சொல் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. சாவுவீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுகிறோம். ஒருவரோடு உறவே வேண்டாம் என்றாலும் 'தலைமுழுகிவிட்டேன்' என்கிறோம். ஒரே காரியம்; ஒன்றில் செத்தவனுக்கு நாம் உறவு என்பதற்காக, மற்றதில் உறவில்லை என்பதற்காக. போர்ட்டோபாலோவில் நான் கடலில் இறங்கினால் அது இந்த இரண்டில் எது என்பதை அந்தத் தண்ணீர் எனக்காகத் தீர்மானிக்காது.

6

பிரயாணத்தையே கைவிட்டுவிடலாம் என்று முதலில் தோன்றியது. இந்த யோசனையில் ஒரு சுகம் இருந்ததால் அதைச் சந்தேகிக்க வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்துகொண்டே நல்லவனாவதைப் போல மலிவான அறம் வேறு கிடையாது. நான் போகாததால் எந்தப் பையனும் கரையேறப்போவதில்லை. சர்வதேச இடப்பெயர்வு அமைப்பின் கணக்கில் 2014-க்குப் பிறகான பத்து வருஷங்களில் மட்டும் இந்தக் கடலில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 25,000-க்கும் மேல். அவர்களுக்கும் என் பயணச்சீட்டுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தபடியாக, போர்ட்டோபாலோவுக்கு மட்டும் போவது, கடல்முன் நின்று வணங்கிவிட்டுத் திரும்புவது என்று யோசித்தேன். நண்பர் இதையும் ஏற்கவில்லை. "அழுகிறதுக்கெண்டு போறதும் பார்க்கப் போறதுதானே," என்றார். உண்மை. துக்கத்தைத் தேடிப் போகிறவன் நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்க்கிறான், அவ்வளவுதான். அதற்கும் பிரசித்தமானவை, அதிகம் பேர் அறியாதவை என்று பிரிவுகள் சீக்கிரமே வந்துவிடும்.

கடைசியில் திட்டத்தில் நான் செய்தது சிறிய காரியம். புதுத்தாள் எடுத்து, பத்திகள் இல்லாமல், சாலை போகிற வரிசையிலேயே ஊர்களை எழுதினேன். கதானியா, அகுஸ்டா, சிரக்கூஸா, நோட்டோ, மர்ஸமேமி, போர்ட்டோபாலோ. ஒவ்வொன்றின் கீழேயும் அங்கே நடந்ததாக எனக்குத் தெரிந்ததை எழுதினேன். தேவாலயத்துத் தூண்களையும் கல்குழிகளில் கொடுத்த தண்ணீரின் அளவையும் எழுதினேன். சூரைமீனையும் அடையாள அட்டையையும் எழுதினேன். பத்தி பிரித்திருந்தபோது ஒன்றுக்கொன்று தெரியாமலிருந்த விஷயங்கள், ஒரே வரிசையில் வந்ததும், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தாள் முன்னைப்போல அழகாக இல்லை. ஓய்வெடுப்பதற்கு என்று எந்த இடமும் அதில் தனியாக இல்லை. ஆனால் சாப்பிட, தூங்க, சிரிக்க எந்த ஊரிலும் தடையில்லை. போர்ட்டோபாலோவில் மீன் சாப்பிடுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சாப்பிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கும், அவர்களைப் போலவே நானும் என்று தெரிந்துகொண்டு.

தாளை நண்பருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். அகுஸ்டாவுக்கு ஒற்று மிகாது என்றோ மிகும் என்றோ ஏதோ திருத்தம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாதத்தைத் திருத்தினார்.

"செப்டம்பர் வேண்டாம். மார்கழி கடைசியிலை போவம். அப்ப அங்கை ஒருத்தரும் குளிக்காயினம். கடலும் அந்த இரவு மாதிரித்தான் இருக்கும்."

"நாடகம் இருக்காது. பாதிக் கடை மூடியிருக்கும்," என்றேன்.

"அரங்கு இருக்கும்தானே. நீங்கள் படியிலை இருந்து பார்க்கலாம்."

இதுவும் தேதி குறித்துக்கொண்டு போகிற ஒருவகைச் சுற்றுலா அல்லவா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று தடுத்துவிட்டது. அவருக்கு அது சுற்றுலா அல்ல. எனக்கு ஒருவேளை இருக்கலாம். ஒரே கரையில் இரண்டு பேர் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறோம். அவர் ஒரு பையனைப் பார்ப்பார், அவன் அங்கே இருக்கிறானா என்பது தெரியாமலே. நான் என்ன பார்ப்பேன் என்பதற்கு எந்தத் திட்டத்திலும் முன்கூட்டி எழுதிவைக்க இடமில்லை.

டிசம்பர் 22-க்குப் பயணச்சீட்டு விசாரித்திருக்கிறேன். கம்பளிச் சட்டை வாங்க வேண்டும்.